ஈ11.3513: சீனி வருத்தக் கண்ணுக்கு ஏன் இத்தனை எண்கள்?

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கண்ணைத் தாக்கினால் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் அதற்கு ஒரு குறியீடு போடுவார்கள். ஒரு காகிதத்தில் அது ‘ஈ11.3’ என்று சுருக்கமாக நின்றுவிடும். இன்னொன்றில் ‘ஈ11.3513’ என்று வால் நீண்டிருக்கும். (ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தைத்தான் இங்கே ஒலிப்பின்படி ‘ஈ’ என்று எழுதுகிறேன். எச், இசட், எக்ஸ் எல்லாம் அப்படியே.)

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் இதைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்கான ‘மெடிக்கல் கோடிங்’ வேலைக்குப் படிக்கும் இளைஞர்கள் ஒரு வகை. வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டையும் காப்புறுதிப் படிவத்தையும் புரட்டிப் பார்க்கும் குடும்பத்தார் மற்ற வகை. முதல் வகையினர் படிப்பது அமெரிக்காவின் நீண்ட குறியீடு. இரண்டாம் வகையினர் இலங்கையில் பார்ப்பது அதன் தாய்ப் புத்தகமான, உலகத்துக்குப் பொதுவான நோய்ப் பட்டியலின் குட்டைக் குறியீடு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. நாள் முழுக்க மலையில் நின்றாலும் செக்ரோலில் (சம்பளக் கணக்குப் புத்தகத்தில்) என்ன விழுகிறதோ அதுதான் கணக்கு. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் பேர், அதாவது முழுநாள் கணக்கு, எடுக்காவிட்டால் அரைப்பேர். மழை, அட்டை, மலையின் செங்குத்து எதுவும் செக்ரோலில் ஏறாது. நோய்க் குறியீடும் அந்த மாதிரிதான். கண்ணில் இருப்பதை அது நேரே பார்ப்பதில்லை. டொக்டர் எழுதியதை மட்டும் பார்க்கிறது.

முதலில் கண்

விழித்திரை என்பது கண்ணின் உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். இரத்தத்தில் சீனி பல வருடம் கூடுதலாக இருந்தால் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகும். சுவர் பலவீனமான இடத்தில் குழாய் சின்னக் குமிழாகப் புடைக்கும், கசியும், சில இடங்களில் அடைபடும். இதுவரை உள்ளதை ‘பெருக்கமில்லா’ நிலை என்கிறார்கள். லேசு, நடுத்தரம், கடுமை என்று அதில் மூன்று படி.

குழாய்கள் நிறைய அடைபட்டதும் விழித்திரை இரத்தம் போதாமல் தவிக்கும். அதை ஈடுகட்டப் புதுக் குழாய்கள் முளைக்கும். இந்தப் புதுக் குழாய்கள் உறுதியில்லாதவை, சட்டென்று வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். கூடவே வளரும் தழும்பு விழித்திரையைப் பிடித்து இழுத்துப் பெயர்த்தும் விடலாம். இது ‘பெருக்க’ நிலை.

இவற்றோடு தனியாக ஒன்றும் இருக்கிறது. எழுத்து வாசிக்கவும் முகம் அடையாளம் காணவும் உதவும் விழித்திரையின் நடுப்பகுதிக்கு மக்குலா என்று பெயர். அங்கே நீர் கோத்து வீங்குவது மக்குலா வீக்கம். இது லேசான படியிலும் வரலாம், பெருக்க நிலையிலும் வரலாம். குறியீட்டில் இதற்கென்று தனி இடம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆரம்பத்தில் வலி கிடையாது, பார்வையும் குறையாது. அதனால்தான் இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடித்த உடனேயே ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். முதலாம் வகை என்றால் நோய் கண்டு ஐந்து வருடத்துக்குள் தொடங்க வேண்டும்.

தாய்ப் புத்தகம்

உலகம் முழுக்க நோய்களுக்கு ஒரே பெயர்ப்பட்டியல் வேண்டும் என்ற முயற்சி 1893-இல் மரணக் காரணங்களின் பட்டியலாகத் தொடங்கியது. 1948-இல் ஆறாவது திருத்தத்தோடு உலக சுகாதார நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. பத்தாவது திருத்தம் 1990-இல் ஏற்கப்பட்டது. அதன் சுருக்கப் பெயர்தான் ஐசிடி-10.

தேயிலை மூட்டையில் ‘பி.ஓ.பி.எப்.’ என்று அடித்திருப்பதைப் பார்த்ததும் ஃபெக்டரியில் உள்ளவர் உள்ளே என்ன தரத் தூள் என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஐசிடியும் அப்படிக் கட்டப்பட்டதுதான்.

‘ஈ’ என்பது சுரப்பி, போஷாக்கு, உடலின் இரசாயன மாற்றம் ஆகியவை சம்பந்தமான நோய்களின் அத்தியாயம். அதில் 10 முதல் 14 வரை நீரிழிவு. ஈ10 முதலாம் வகை, ஈ11 இரண்டாம் வகை, ஈ12 போஷாக்குக் குறைவோடு சேர்ந்தது, ஈ13 வேறு குறிப்பிட்ட வகைகள், ஈ14 எந்த வகை என்று எழுதப்படாதது. புள்ளிக்குப் பின்னால் வருவது நீரிழிவு எந்த உறுப்பைத் தாக்கியது என்பது: 2 சிறுநீரகம், 3 கண், 4 நரம்பு, 5 கைகால் இரத்த ஓட்டம். ஆக ஈ11.3 என்றால் ‘இரண்டாம் வகை நீரிழிவு, கண் பாதிப்புடன்’.

கண்ணில் என்ன பாதிப்பு என்பதை இது சொல்லவில்லை. அதற்காக இரண்டாவது குறியீடு ஒன்றைச் சேர்ப்பார்கள். விழித்திரைப் பாதிப்பு எச்36.0, வெண்புரை எச்28.0. அடிப்படை நோயின் குறியீட்டுக்குப் பக்கத்தில் சின்னக் குத்துவாள் அடையாளமும், உறுப்பின் குறியீட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திர அடையாளமும் போடுவது அந்தப் புத்தகத்தின் வழக்கம். குத்துவாள் முதலில், நட்சத்திரம் பின்னால். நட்சத்திரக் குறியீட்டைத் தனியாக எழுதக் கூடாது.

இதில் வெகுகாலமாக நடக்கும் ஒரு பிழையைச் சொல்லவேண்டும். ஈ10-க்குப் பழைய தலைப்பு ‘இன்சுலின் சார்ந்த நீரிழிவு’, ஈ11-க்கு ‘இன்சுலின் சாராத நீரிழிவு’. இரண்டாம் வகைக்காரர் பலர் பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு இன்சுலின் ஊசிக்கு மாறுகிறார்கள். தலைப்பை மட்டும் பார்த்துக் குறியீடு போடுபவர், ‘இன்சுலின் போடுகிறார், அப்படியென்றால் ஈ10’ என்று எழுதிவிடுவார். மருந்து மாறினால் நோயின் வகை மாறுவதில்லை. அறுபது வயது அம்மா ஒருவர் காகிதத்தில் முதலாம் வகை நோயாளி ஆகிவிடுவது இந்த வழியில்தான்.

அமெரிக்கா ஏன் நீட்டியது?

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் பணம் பெரும்பாலும் காப்புறுதியிலிருந்து வருகிறது. பணம் கொடுப்பவர் ‘எந்தக் கண்? எந்தப் படி? வீக்கம் உண்டா?’ என்று கேட்பார். அதனால் அவர்கள் தாய்ப் புத்தகத்தை விரித்து, ஐசிடி-10-சிஎம் என்ற தங்கள் பதிப்பை 2015 ஒக்டோபர் 1-ஆம் திகதி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எந்தக் கண் என்று சொல்லும் ஏழாவது இடம் நீரிழிவுக் கண் நோய்க்கு அடுத்த வருடம், 2016 ஒக்டோபரில்தான் சேர்ந்தது. அதற்கு முந்திய பாடக் குறிப்புகளை வைத்துக்கொண்டு படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஈ11.3513-ஐப் பிரித்துப் பார்ப்போம்.

1. ஈ11: இரண்டாம் வகை நீரிழிவு. அமெரிக்கப் பதிப்பில் ஈ12-உம் ஈ14-உம் இல்லை. அங்கே ஈ08 வேறொரு நோயால் வந்த நீரிழிவு, ஈ09 மருந்தாலோ இரசாயனத்தாலோ வந்தது. எந்த வகை என்று டொக்டர் எழுதாவிட்டால் ஈ11 என்று எடுத்துக்கொள்வதுதான் விதி.

2. புள்ளிக்குப் பின் 3: கண்.

3. அடுத்த 5: நோயின் படி. 1 என்றால் படி எழுதப்படாத விழித்திரைப் பாதிப்பு, 2 லேசு, 3 நடுத்தரம், 4 கடுமை, 5 பெருக்க நிலை. இதே இடத்தில் 6 வந்தால் வெண்புரை, 7 வந்தால் சிகிச்சையால் தீர்ந்துவிட்ட மக்குலா வீக்கம், 9 வந்தால் மற்றக் கண் சிக்கல்கள்.

4. அடுத்த 1: மக்குலா வீக்கம் உண்டு. இல்லையென்றால் 9. பெருக்க நிலைக்கு மட்டும் இங்கே கூடுதல் எண்கள் இருக்கின்றன: விழித்திரை இழுபட்டுப் பெயர்ந்து மக்குலாவையும் தொட்டால் 2, தொடாவிட்டால் 3, இழுபட்டும் கிழிந்தும் பெயர்ந்திருந்தால் 4, நோய் அடங்கி நிலையாக இருந்தால் 5.

5. கடைசி 3: இரண்டு கண்ணும். 1 வலது, 2 இடது, 9 எந்தக் கண் என்று எழுதப்படாதது.

சரி, இரண்டு கண்ணும் ஒரே படியில் இல்லையென்றால்? அப்போது 3 போட முடியாது. வலது கண் பெருக்க நிலையில் வீக்கத்தோடும், இடது கண் லேசான படியில் வீக்கமில்லாமலும் இருந்தால் ஈ11.3511, ஈ11.3292 என்று இரண்டு குறியீடு எழுத வேண்டும்.

படிப்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம் ஏழாவது எண்தான். எல்லாவற்றுக்கும் அது கிடையாது. படி எழுதப்படாத ஈ11.311, ஈ11.319 இரண்டும் ஆறு இடத்தோடு முடிந்துவிடும், ஒரு எண்ணைக் கூட்டினால் குறியீடே செல்லாது. வெண்புரைக்கான ஈ11.36 ஐந்து இடத்தில் நின்றுவிடும். தீர்ந்த வீக்கத்துக்கோ ஆறாவது இடத்தில் சொல்ல ஒன்றுமில்லாததால் ‘எக்ஸ்’ என்று ஒரு நிரப்பெழுத்து வைத்துத்தான் கண்ணின் எண்ணை எழுத வேண்டும்: ஈ11.37எக்ஸ்1. லயத்தில் ஆளில்லாத வீட்டுக்கும் இலக்கம் இருப்பது மாதிரி.

இன்சுலின் விஷயத்தை அமெரிக்கப் பதிப்பு தனியே பிரித்துவிட்டது. நோய் ஈ11 ஆகவே இருக்கும். நீண்டகாலமாக இன்சுலின் போடுபவர் என்பதற்கு இசட்79.4, சீனிக் குளிசை எடுப்பவர் என்பதற்கு இசட்79.84 என்று பக்கத்தில் சேர்ப்பார்கள். தாய்ப் புத்தகத்தின் பழைய தலைப்பு செய்த குழப்பத்துக்கு இது நல்ல மருந்து என்பது என் எண்ணம்.

பில் எங்கே திரும்பி வருகிறது?

நோய்க் குறியீடு ‘ஏன்’ என்பதற்குப் பதில். ‘என்ன செய்தார்கள்’ என்பதற்கு வேறொரு புத்தகம், சிபிடி. அது அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்குச் சொந்தமானது. விழித்திரையைப் படம் எடுத்தால் 92250, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் செய்தால் 92134, கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்தினால் 67028, பரவலான லேசர் சிகிச்சை செய்தால் 67228. செலுத்திய மருந்துக்குத் தனிக் குறியீடு.

பணம் தருபவரின் கணினி இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்க்கும். ஊசி இடது கண்ணில் போடப்பட்டது, பில்லில் 67028-உடன் இடது என்ற அடையாளமும் இருக்கிறது, ஆனால் நோய்க் குறியீடு ஈ11.3511, அதாவது வலது கண். பில் திரும்பும். டொக்டர் சரியாகத்தான் செய்தார், நோயாளிக்கும் சரியான கண்ணில்தான் ஊசி விழுந்தது. கடைசி எண் ஒன்று மட்டும்தான் பிழை.

மருந்தின் அளவிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. ரனிபிசுமாப் என்ற ஊசி மருந்தின் குறியீடு ஜே2778. அதில் ஒரு அலகு என்பது 0.1 மில்லிகிராம். நீரிழிவுக் கண்ணுக்கு அங்கே போடும் அளவு 0.3 மில்லிகிராம். ஒரு ஊசிதானே என்று 1 எழுதினால் மூன்றில் ஒரு பங்குப் பணம்தான் வரும், 3 எழுத வேண்டும். ஓசிடியையும் விழித்திரைப் படத்தையும் ஒரே நாளில் எடுத்தால் பொதுவாக இரண்டுக்கும் பணம் தரமாட்டார்கள் என்பதும் புதிதாக வேலைக்குச் சேர்பவர் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

‘இருக்கலாம்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். வெளிநோயாளர் குறிப்பில் ‘மக்குலா வீக்கம் இருக்கலாம்’ என்று டொக்டர் எழுதியிருந்தால் வீக்கத்துக்குக் குறியீடு போடக் கூடாது என்பது அமெரிக்க விதி. ஸ்கேன் படத்தில் வீக்கம் பளிச்சென்று தெரிந்தாலும் குறியீடு போடுபவர் படத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அவர் டொக்டரிடம் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் மாற்றலாம்.

இங்கே பில் இல்லை, அப்புறம் எதற்குக் குறியீடு?

இலங்கையின் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். பில் இல்லாத இடத்தில் குறியீடு பணத்துக்காக இல்லை, எண்ணுவதற்காக. வார்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் நோய் விபரம் எழுதும் ஒரு ‘டிக்கட்’ உண்டு. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அதில் எழுதப்பட்ட நோயை ஐசிடி-10 குறியீடாக மாற்றி, சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். எந்த மாவட்டத்தில் எந்த நோய்க்கு எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டார்கள் என்று வெளியாகும் அட்டவணைகள் இதிலிருந்துதான் வருகின்றன.

அந்தக் கணக்கின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அது உள்நோயாளர் கணக்கு. தங்கியவர் மட்டும்தான் அதில் வருவார்.

நீரிழிவுக் கண் நோயாளி எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்து மருந்துக்காம்பராவில் சீனி பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு கொடுப்பார்கள். அங்கிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து கண் பிரிவுள்ள நுவரெலியா அல்லது கண்டி. விடியுமுன் பஸ் பிடித்து, கிளினிக்கில் இலக்கம் எடுத்து, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வாங்கில் காத்திருந்து, டொக்டர் பார்த்து, தேவையென்றால் லேசருக்கு இன்னொரு நாள் குறித்துக்கொண்டு அன்றே திரும்பிவிடுகிறார். லேசரும் அன்றே வந்து அன்றே போகும் சிகிச்சைதான். வார்டில் படுக்கவில்லை, டிக்கட் இல்லை, ஆகவே அந்தக் கணக்கில் ஆளும் இல்லை. அவருடைய கண்ணைப் பற்றி எழுதியிருப்பது அவர் பையில் கொண்டுபோகும் கிளினிக் கொப்பியில்.

வெண்புரைச் சத்திரசிகிச்சைக்கோ, கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பெரிய சத்திரசிகிச்சைக்கோ தங்கினால் அப்போது எண்ணப்படுவார். அதாவது நோய் முற்றியவரைத்தான் கணக்குக்குத் தெரியும். பெருக்கமில்லாப் படிகளில் இருப்பவர்கள், காப்பாற்றக்கூடிய கண்கள், அந்த அட்டவணைகளில் பெரும்பாலும் கிடையாது. ‘நுவரெலியா மாவட்டத்தில் ஈ11.3 குறைவாகத்தானே இருக்கிறது’ என்று யாராவது அட்டவணையைக் காட்டினால், அது நோயின் குறைவா, கட்டிலில் தங்கியவர்களின் குறைவா என்று கேட்க வேண்டும்.

எண்ணப்படுபவரின் குறியீட்டிலும் ஓட்டை உண்டு. டிக்கட்டில் ‘நீரிழிவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஈ14-க்குப் போகும், கண் குறிப்பிடப்படாவிட்டால் ஈ14.9, சிக்கல் இல்லாத நீரிழிவு. நெஞ்சு வலியோடு வார்டுக்கு வந்தவரின் டிக்கட்டில் அவருடைய கண்ணைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றாது, குறை சொல்லவும் முடியாது. தாய்ப் புத்தகத்தில் வலது இடதுக்கோ படிக்கோ இடமே இல்லை. லேசர் இயந்திரம் எந்த ஊருக்கு அவசரம் என்று முடிவெடுக்க உதவும் தகவல் அந்தப் படிதான், அது கணக்கில் ஏறுவதே இல்லை. பணம் கேட்கும் நாடு கண்ணை ஏழு இடம் வரை எழுதுகிறது, பணம் கேட்காத நாடு நாலு இடத்தோடு நிறுத்திவிடுகிறது. இலவச சிகிச்சையை விட்டுக்கொடுக்காமலே இந்த விபரத்தை எழுதலாம். கிளினிக் பதிவுகளையும் எண்ணத் தொடங்கினால் போதும்.

தனியாரிடம் சனல் பண்ணி, அதாவது பணம் கட்டி நேரம் பதிந்து, பார்ப்பவர்களுக்கும், அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி உள்ள ஆசிரியர்கள் போன்றவர்களுக்கும் படிவம் நிரப்பும் வேலை வரும். அங்கே குறியீட்டை நீங்களாக இணையத்தில் தேடி எழுத வேண்டாம். தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்க நீளக் குறியீடு. நோயின் பெயரை டொக்டர் சொற்களில் எழுதி ஒப்பமிடட்டும், எந்தக் கண் என்பதும் அந்தச் சொற்களில் இருக்கட்டும்.

அடுத்த புத்தகம்

ஐசிடி-11, 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாடுகள் தத்தம் வேகத்தில் மாறும். அதில் இரண்டாம் வகை நீரிழிவு 5ஏ11, நீரிழிவு விழித்திரைப் பாதிப்பு 9பி71.0. அதன் கீழே பெருக்கமில்லா நிலைக்கும் பெருக்க நிலைக்கும் தனித்தனி இடம் உண்டு. எந்தக் கண் என்பதை ரயில் பெட்டி கோர்ப்பது போலப் பின்னால் கோர்த்துக்கொள்ளலாம். அமெரிக்கா தனக்காக நீட்டிய விபரங்கள் பலவற்றுக்கு இப்போது தாய்ப் புத்தகத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் கோர்ப்பதற்கு ‘இடது’ என்ற சொல் கொப்பியில் இருந்தாக வேண்டும்.

கிளினிக் கொப்பியில் தேட வேண்டியவை நாலைந்து சொற்கள்தான்: நீரிழிவின் வகை, எந்தக் கண், எந்தப் படி, மக்குலாவில் வீக்கம் உண்டா இல்லையா, அடுத்த திகதி. நோயாளியே அன்று இதைப் பார்க்க முடியாது. சொட்டு மருந்து விட்ட கண்ணுக்குச் சில மணித்தியாலம் கிட்டத்து எழுத்து மங்கலாகத்தான் தெரியும், வெளிச்சமும் கூசும். கூட வந்தவர்தான், பஸ் ஸ்டாண்டுக்கு இறங்குவதற்கு முன், டொக்டர் இன்னும் அறையில் இருக்கும்போதே, அந்தப் பக்கத்தை வாசித்துப் பார்க்க வேண்டும்.